ரோஸ் நிறத்துச் சரக்கு

வசந்தகுமார் டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே கோபால்ட் குளோரைடு ரோஸ் நிறத்தில் கிடந்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் அந்தக் கம்பெனியில் அவர் ஸ்டோர் பொறுப்புக்கு வந்தது போன வாரம்தான். சரக்கு குறைந்தது என்றுதான் முன்பிருந்தவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். மிஷின் பாகங்களோடு பொட்டலத்தில் வரும் நீல மணிகள் ஈரம் பட்டால் ரோஸாகிவிடும், அந்த நீலம் கோபால்ட்தான் என்பதுவரை அவருக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

"வெங்கடேசா, சரக்கு நனைஞ்சி பூட்ச்சி. மதியம் இளமதி மேடம் வந்து கேப்பாங்க. இன்னா பண்றது?"

"காய வச்சிட்லாம் சார். பெயின்ட் அடிச்ச தகடு காய வைக்கிற அடுப்பு சும்மாதான் கீது," என்றான் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வெங்கடேசன்.

கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, தட்டுத் தட்டாகப் பரப்பி உள்ளே தள்ளினார்கள். ரோஸ் மெல்லக் கத்திரிப்பூ நிறமாகி, பிறகு நல்ல நீலமானது. வசந்தகுமாருக்கு உயிர் வந்தது. எடை மேடையில் வைத்ததும் வந்த உயிர் திரும்பிப் போனது. இருபத்தைந்து கிலோ இருக்கவேண்டிய சரக்கு பதினாலு கிலோகூட இல்லை.

"மீதி எங்கடா?"

"நான் இன்னா சார், மடியில கட்டிக்கினா போனேன்? தண்ணிதான் ஆவியா பூட்ச்சி."

"அவ்ளோ தண்ணின்னா யார் நம்புவா? நான் வித்துட்டேன்னுதான் சொல்லுவாங்க."

"போன தண்ணிய ஊத்திட்டா எடை வந்துடும் சார்."

பேஜாரில் இருந்த வசந்தகுமாருக்கு அது நியாயமாகவே பட்டது. ஒரு மக் ஊற்றினார். டிரம் உஸ்ஸென்று சூடேறியது. பயந்துபோய், ஆறட்டும் என்று இன்னும் ஊற்றினார். எடை நாற்பதைத் தாண்டியபோது உள்ளே தூளைக் காணோம். செக்கச்சிவந்த தண்ணீர்தான் தளும்பிக்கொண்டிருந்தது.

கம்பெனியின் கெமிஸ்ட் இளமதி வந்துவிட்டாள். வசந்தகுமார் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாமா மேடம்?" என்றார்.

அவள் டிரம்மை எட்டிப் பார்த்தாள்.

"வாங்கும்போதே அது ரோஸ்தான் சார், எடையில பாதிகிட்ட அதுக்குள்ளயே இருக்கிற தண்ணிதான். தண்ணியில கரைச்சி முலாம் தொட்டியில ஊத்தத்தான் கேட்டேன், கரைக்கிற வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க."