ஸ்பேனர் மாமாவின் மாட்டுக்கொட்டகை

எழுபதுகளின் மயிலாப்பூரில், ஒரு பொருளை வைத்த இடத்திலேயே திரும்ப எடுக்கத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் ஸ்பேனர் மாமா. மற்ற எல்லோரும் மூக்கில் மாட்டியிருந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் வீட்டு மாடியில் நானும் என் மனைவி கமலாவும் குடியிருந்தோம். ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே மாமா கிண்டிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய், மாட்டுவண்டியில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தார். எந்தக் கம்பெனிக் கார் என்று கேட்டேன்.

"முன்பக்கம் ஒரு கம்பெனி, பின்பக்கம் ஒரு கம்பெனி. நடுவில எதுன்னு இன்னும் தெரியலை" என்றார்.

கொல்லையில் காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகை பட்டறை ஆயிற்று. தரைக்குச் சிமென்ட் பூசினார். தீவனத் தொட்டியின் மேல் பலகை போட்டு வேலைமேஜை ஆக்கினார். பிறகு சுவர். ஒவ்வொரு கருவியையும் ஆணியில் மாட்டி, அதைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டார். ஸ்பேனரை எடுத்தால், அதன் ஆவி சுவரில் நிற்கும். மாமியின் ஊறுகாய் ஜாடிகளில் நட்டும் போல்ட்டும் அளவு வாரியாகக் குடியேறின.

ஒருநாள் ரசக் கரண்டியைத் தேடிக்கொண்டு மாமி பட்டறைக்குள் நுழைந்தார். கரண்டி சுவரில், தன் கோட்டுக்குள் பாந்தமாகத் தொங்கியது.

"ஏன்னா, இது என்னோட கரண்டி."

"ஆயில் ஊத்த இதைவிட வாகா ஒண்ணும் கிடைக்கலை. கோடு வேற போட்டாச்சு."

"கோடு போட்டா உங்களோடதா? நாளைக்கு என்னைச் சுத்தியும் போடுவேளா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். அதுதான் மாமிக்குத் தாங்கவில்லை. ஐப்பசி முடிவதற்குள் கார் ஓடவில்லை என்றால் கொட்டகையில் மறுபடி மாடு கட்டுவேன் என்று கெடு வைத்துவிட்டார். கார் இருமியது, தும்மியது. ஓடத்தான் இல்லை.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு சாயங்காலம், பிள்ளைத்தாச்சியாக இருந்த கமலாவுக்கு, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். டாக்சி ஒன்றும் இல்லை. முனையில் நின்ற ரிக்‌ஷாக்காரரைக் கெஞ்சினேன்.

"தண்ணி இம்மாம் கீது, நைனா. நடுவுல கவுந்துச்சுன்னா புள்ளத்தாச்சிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

திரும்பி ஓடி வந்தால், வீட்டில் கரண்டும் போயிருந்தது. பட்டறை கும்மிருட்டு. மாமா காருக்குள் தலையை விட்டிருந்தார்.

"பெட்ரோல் குழாய் அடைச்சிண்டிருக்கு. நீ அவளை மெதுவா இறக்கிண்டு வா."

அவர் சுவர்ப் பக்கம் கையை நீட்டினால் ஸ்பேனர் கைக்கு வந்தது. மறுபடி நீட்டினால் அடுத்தது வந்தது. ஒரு தடவைகூடத் துழாவவில்லை. சைலன்சருக்குள் தண்ணீர் போகாமலிருக்க, மழைநீர்க் குழாய் ஒன்றைக் கழற்றி அதில் செருகி, காரின் கூரைக்கு மேலே நிமிர்த்திக் கட்டினார். சாவியைத் திருப்பினார். கார் ஒரு முறை உறுமியது. பிறகு நிற்கவே இல்லை.

மாமி பின்சீட்டில் கமலாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். தண்ணீரைப் பிளந்துகொண்டு, தலைக்கு மேல் புகை விட்டபடி நாங்கள் தெருவில் போனபோது வாசலுக்கு வாசல் கை தட்டினார்கள். ரிக்‌ஷாக்காரர் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"இன்னா ஐயரே, கப்பலையா ஓட்டிக்கினு போற?"

மாமா திரும்பவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. "எங்காத்து மாமாவே பண்ணின கார்லதான் வந்தோம்" என்று மாமி நர்சுகளிடம் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா மட்டும் வாசலோடு நின்றுவிட்டார். "கையெல்லாம் கிரீஸ். குழந்தையைத் தொடப்படாது" என்றார்.

மறுநாள் காலை, முழங்கை வரை சீயக்காய் போட்டுத் தேய்த்துச் சிவந்த கைகளோடு வந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.