அர்ஜுனன் காட்டாத தழும்பு

மூன்று வாரமாக அர்ஜுனனால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. வேறு வேலையில் இருந்தால் குனிந்த தலையோடு காலத்தை ஓட்டியிருப்பான். அவனோ தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். முப்பதடி உயரத்தில் தொங்கும் குலையை, நீளக் கழியில் கட்டிய அரிவாளால் இழுத்து விழவைக்க வேண்டும். தலையைத் தூக்கினால் போதும், உச்சந்தலையில் தணல் வைத்ததுபோல் எரியும். கூடவே வலது விலாவில் பிடித்துக்கொள்ளும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். அது கேட்கவில்லை என்றதும் மஞ்சள் மாத்திரை கொடுத்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரன் பொறுத்துப் பார்த்துவிட்டு, செகிஞ்சானில் ஊசி குத்தி வைத்தியம் பார்க்கும் கிழட்டுச் சீன வைத்தியர், சின்சே ஒருவர் இருக்கிறார், போய்ப் பார் என்றார். இன்னும் பத்து நாளில் சரியாகாவிட்டால் பெண்களோடு புல் வெட்டத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதில் சம்பளம் பாதி. மானம் அதற்கும் கீழே.

சின்சேக்குச் சீனம் தவிர வேறு பாஷை வராது. அர்ஜுனனின் மனைவி கலாவதி சீனர்களின் வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் போய் சீனம் நன்றாகவே பேசுவாள். அவளுக்கு இந்த வைத்தியத்தில் இஷ்டமில்லை. ஆனாலும் பேச ஆள் வேண்டுமே என்று கூடப் போனாள்.

சின்சே இரண்டு கை நாடியையும் மாறி மாறிப் பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு அர்ஜுனனின் கால் கட்டைவிரலில் தன் விரலை வைத்து, கணுக்கால், முழங்கால், தொடையின் உட்பக்கம் என்று மேலே கொண்டுவந்தார். ஓர் இடத்தில் விரல் எட்டிக் குதித்து விலாவில் இறங்கி, அங்கிருந்து உச்சந்தலைக்குப் போனது. நீளமாக என்னவோ சொன்னார்.

கலாவதி கொஞ்சம் யோசித்தாள். "ஒடம்புக்குள்ள வாய்க்கா மாதிரி பாதை ஓடுதாம். பழைய தழும்பு ஒண்ணு அதை மறிச்சிக்கிட்டு இருக்காம். எங்கயாச்சும் வெட்டுக்காயம் பட்டிருக்கான்னு கேக்குறாரு."

அர்ஜுனன் கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சின்சேயின் விரல் எந்த இடத்தைத் தாண்டிக் குதித்ததோ, அந்த இடத்தில்தான் அவனுக்கு ஒரு தழும்பு இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்பு மூன்றாவது பெண் பிறந்தபோது, கலாவதி இரண்டு நாள் உயிருக்குப் போராடிப் பிழைத்தாள். இன்னொரு பிள்ளை பெற்றால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அர்ஜுனனின் அம்மா சின்னம்மாவோ பேரன் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கலாவதியும் அதற்குத் தலையாட்டினாள். அர்ஜுனன் யாரிடமும் வாதாடவில்லை. சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் போய், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டான். மனைவியின் கைரேகை கேட்ட இடத்தில் தன்னுடைய இடது பெருவிரலையே வைத்தான்.

அதற்குப் பிறகும் வருடா வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கலாவதி பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டினாள். ஆறு தொட்டிலையும் வாங்கிக் கொடுத்தவன் அர்ஜுனன்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான். திறந்தால் அம்மனைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது இந்தத் தழும்பை எப்படிக் காட்டுவது? சட்டென்று கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கி, ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் உளி கிழித்த காயத்தைக் காட்டினான். சின்சே உதட்டைப் பிதுக்கினார். என்றாலும் அதைச் சுற்றி ஆறு ஊசி இறக்கி, ஏதோ தழையைச் சுருட்டிக் கொளுத்திப் புகை காட்டி அனுப்பினார். மறுநாள் தலை எரிச்சல் அப்படியே இருந்தது. கால் மட்டும் புதிதாக நொண்டியது.

அடுத்த முறை சின்சே வேறு தழும்பு கேட்டார். சின்ன வயதில் லயத்து வீட்டுப் படியில் விழுந்து கிழித்துக்கொண்ட முழங்கையை அர்ஜுனன் கொடுத்தான். அங்கே எட்டு ஊசி. கை மரத்துப்போய், மறுநாள் வெட்டும்போது கழி நழுவியது. குலை நேராக வீரனின் சைக்கிள் மேல் விழுந்தது. வீரன் வளைந்த சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்.

மூன்றாவது முறை, நாய் கடித்த பின்பக்கத்தைத் தவிர அவனிடம் வேறு தழும்பு மிச்சமில்லை. அதையும் காட்டினான். அன்றைக்கு பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்தான். கிளம்பும் முன் சின்சே அவன் அடிவயிற்றைக் காட்டி, கோபமாக ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன என்று கலாவதியைக் கேட்டான். முகம் சிவந்து, பஸ் போய்விடும் என்று அவள் அவசரப்படுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும், "இந்த ஆளு சரியில்லங்க. பத்தாங் காலியில வேற ஒருத்தர் இருக்காராம், அங்க போவோம்" என்றாள்.

தப்பித்தோம் என்றுதான் அர்ஜுனனுக்கு முதலில் இருந்தது. ஆனால் பத்து நாள் கெடு அடுத்த நாளோடு முடிகிறது. காலையில் மனைவி வயலுக்குப் போனதும், நொண்டிக்கொண்டே தனியாகச் செகிஞ்சானுக்குப் பஸ் ஏறினான். எல்லாவற்றையும் ஜாடையிலாவது சொல்லிவிடுவது, எங்கே வேண்டுமானாலும் குத்தட்டும் என்று முடிவு செய்திருந்தான்.

ஜாடைக்கு அவசியம் இருக்கவில்லை. சின்சேயின் மருந்துக் கடையில் அன்றைக்கு அவர் மகன் ஆ செங் இருந்தான். தோட்டங்களுக்கு லோரியில் மளிகை கொண்டுபோய் விற்கிறவன். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அர்ஜுனன் அவனை மூலைக்கு இழுத்துப் போய், கிள்ளான் விஷயம் முழுவதையும் மெல்லச் சொன்னான். ஆ செங் அதை அப்பாவிடம் நான்கே சொல்லில் முடித்தான்.

சின்சே தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"மொத நாள்லேருந்து அப்பா ஆபரேசன் தழும்பத்தான் கேட்டாராம். அது ஏன் ஒங்களுக்குப் புரியலன்னு அவருக்கு ஆச்சரியம்" என்றான் ஆ செங். "பயப்படாதீங்க அண்ணே. அடைப்பு அங்க இருந்தாலும் ஊசி கால் வெரல்லதான்."

அர்ஜுனனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படுக்கையில் சாய்ந்து காலை நீட்டினான். பிறகு ஆ செங்கின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, இது மட்டும் எம் பொஞ்சாதி காதுக்குப் போயிடக்கூடாது."

ஆ செங் அலுத்துக்கொண்டான்.

"ரெண்டு பேரும் இதே பாட்டுதான்லா. புள்ள வேணாம்னு செஞ்ச ஆபரேசன் தழும்புக்கு அக்காவும் மூணு வருசமா இங்கதான் ஊசி போடுறாங்க, புருசனுக்கு மட்டும் சொல்லிடாதன்னு."