சில்லுக்கு வெயில் காட்டிய கீரி

ஒரு காட்டில் எனக்கு முதலில் கெடுதல் செய்தது கீரி. பெயர் தணிகாசலம். மற்றவர்களும் செய்தார்கள்தான், ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது.

நான் உடும்பு. பிடித்ததை விடமாட்டேன் என்று காட்டில் பேச்சு. உண்மைதான். இதையும் விடவில்லை.

என்னிடம் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. எந்தக் காலத்திலோ பொருட்காட்சிக்காரர்கள் காட்டோரம் போட்டுவிட்டுப் போனது. ஆட்டத்தின் பெயர் நண்டு வேட்டை. உள்ளே குடியிருந்த எலிகளை விரட்டி, அறுந்த கம்பிகளை ஒட்டி, யாரோ விட்டுப்போன சோலார் பலகையில் இணைத்து, அதை ஓட வைத்தது நான். ஓர் ஆட்டத்துக்கு ஒரு முட்டை. குரங்குகள் ஆடித் தோற்கும். நான் சாப்பிடுவேன்.

அந்த ஆட்டம் முழுவதும் விரல் நீளமுள்ள ஒரு மின்னணுச் சில்லுக்குள் இருந்தது. சில்லின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகப் பல நாள் வெயில் இறங்கினால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் ஜன்னலை மூடிக் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவன் விவரமானவன்.

ஒரு நாள் சிங்கம் உத்தரவு போட்டது. பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் சில்லுக்கு நகல் எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காத இயந்திரம் மழைக்கு முன் பழைய இரும்புக்குப் போய்விடும்.

உத்தரவில் குற்றமில்லை. சில்லுக்கும் வயதானால் மறதி வரும். என்னுடையதைப் போல இன்னொன்று எங்கும் கிடையாது. அது மறப்பதற்குள் நகல் எடுத்துவிட நானே நினைத்திருந்தேன். சில்லைக் கழற்றி, இலையில் சுற்றி, நகல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மேஜையில் கீரி இருந்தது.

"பெரியவரே, மனு எங்க?"

"இந்தா தம்பி."

"மூணு பிரதி வேணுமே."

"ஒண்ணுதான் இருக்கு. நகல் எடுக்கத்தானே வந்திருக்கேன்?"

"நகல் எடுக்கிற மனுவுக்கு வெளியில நகல் எடுத்துட்டு வாங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன். வாசிப்புக் கருவியில் ஒரு கொக்கு நின்றிருந்தது. சில்லைச் செருகி மூன்று முறை படித்தது. மூன்றும் ஒன்றுபோல வந்தால்தான் நகல் செல்லும். இரண்டாம் வாசிப்பில் ஓர் எழுத்து மாறி வந்தது.

"ஒத்துப்போகல," என்றது கொக்கு.

"சில்லோட கால்ல துரு. துடைச்சிட்டு இன்னொரு தடவை படிச்சுப் பாருப்பா."

"மறுவாசிப்புக்குத் தனி மனு. அதுவரைக்கும் பொருள் இங்கதான் இருக்கணும்."

இங்கே என்றால் அலுவலக வாசலில் உள்ள நிலுவைப் பாறை. முடிவாகாத பொருள்களையெல்லாம் அதன்மேல் திறந்து வைப்பது அந்த அலுவலக வழக்கம். கீரி சில்லை எடுத்தது. நகத்தால் ஸ்டிக்கரை உரித்தது.

"ஐயோ, அதை எடுக்காதே தம்பி! வெயில் பட்டா அழிஞ்சிடும்!"

"எது அழியும்?"

"உள்ள இருக்கிறது."

"உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே மூடி வச்சிருக்கீங்க? விதி ஏழு, பெரியவரே. இந்த ஆபீஸ்ல எதையும் மறைச்சு வைக்கக் கூடாது."

வரிசையில் நின்ற ஒரு குரங்கு, "தில்லுமுல்லு வெளியே வந்துடும்னு பதறுறாரு. நான் சும்மாவா பதினேழு முட்டை தோத்தேன்?" என்றது. வரிசையே சிரித்தது. எனக்குக் கெடுதல் செய்தவர்களில் இரண்டாவது அந்தக் குரங்கு.

நான் பாறையில் ஏறி, சில்லுக்கு நிழலாகப் படுத்தேன். காவலுக்கு நின்ற காட்டெருமை வந்து, "யோவ், பொது வெயிலை மறிக்காதே. எறங்கு," என்று கொம்பால் தள்ளிவிட்டது. அது மூன்றாவது.

எட்டு நாள் நல்ல வெயில். ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். கொக்கு மூன்று முறை படித்தது. பிறகு, ஒற்றைக் காலில் நின்றிருந்த அது இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டது. அவ்வளவு மரியாதை.

"அடேங்கப்பா! இப்படி ஒரு சில்லை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே எழுத்து. மூணு தடவையும் ஒரே மாதிரி!"

'பிழையற்ற மூலம், முதல் தரம்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சில்லைச் செருகினேன். திரை கருப்பு. நகலைச் செருகினேன். அதுவும் கருப்பு. அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினேன்.

"தம்பி, சில்லு காலி."

"நகல்?"

"அதுவும் காலி."

"அப்ப ரெண்டும் ஒத்துப்போகுதில்ல? இதுல என்ன குறை கண்டீங்க?"

"'ஸ்டிக்கரை உரிச்சது எங்க ஆபீஸ் தப்பு'ன்னு ஒரு வரி எழுதிக் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

கீரி குரலைத் தாழ்த்தியது. "தப்புன்னு எழுதினா சான்றிதழ் ரத்தாகும். சான்றிதழ் ரத்தானா பெட்டி இரும்புக்குப் போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எழுத வேணாம். வாயால சொல்லு."

"வாய்மொழியா எதுவும் சொல்றதில்லை, பெரியவரே."

பெட்டி தப்பித்தது. சிங்கம் வந்து மாலை போட்டது. காட்டிலேயே முதன்முதலாகக் காப்பாற்றப்பட்ட இயந்திரம் என்று பலகை வைத்தார்கள். கீரிக்குப் பதவி உயர்வு. குரங்குகள் இப்போதும் வருகின்றன. கருப்புத் திரைக்கு முன்னால் கையை ஆட்டிவிட்டு, "ஜெயிச்சாச்சு, பரிசைக் குடுங்க," என்கின்றன. இல்லை என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? முட்டை இப்போது நான்தான் கொடுக்கிறேன்.

வாரம் ஒருமுறை அலுவலகத்துக்குப் போகிறேன். தணிகாசலம் நாற்காலி போடச் சொல்கிறது, தண்ணீர் தருகிறது, பேரப்பிள்ளைகளை விசாரிக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் சொல்வதில்லை. அது எனக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது.

நீதி: உள்ளே ஏதாவது வைத்திருந்தால் ஓரெழுத்தாவது பிழை வரும். காலியாக இருங்கள், முதல் தரம் கிடைக்கும்.