பேட் குட்டையானது பற்றி மாமாவுக்கு

நெய்வேலி
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய செங்குட்டுவன் மாமா அவர்களுக்கு,

பிரபாவதி அக்காவின் தங்கை தமிழ்நிலா வணக்கத்துடன் எழுதுவது. சேத்தியாத்தோப்பில் நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். இங்கே குவார்ட்டர்ஸில் அப்பா நலம், அம்மா நலம், நானும் நலம். உங்கள் கிரிக்கெட் பேட் மட்டும் நலமாக இல்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். உங்களுக்கும் அக்காவுக்கும் கல்யாணமாகி இந்த நான்கு மாதத்தில் நான் உங்களிடம் பேசியது "வாங்க மாமா", "தண்ணி வேணுமா மாமா" இரண்டும்தான். மூன்றாவதாகப் பேசப்போவது இது என்றால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்பதாவதோடு நின்றவள் என்றாலும் எழுதினால் கொஞ்சம் கோர்வையாக வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பிழையைவிடப் பெரியது கீழே இருக்கிறது.

போன மாதம் வந்தபோது, "இது இங்கயே பத்திரமா இருக்கட்டும், ஆடிக்கு பிரபாவ உட வரும்போது எடுத்துக்கிறேன்" என்று சொல்லி பேட்டை பீரோ ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து நான் அந்த மூலையைப் பெருக்கக்கூட இல்லை. போன செவ்வாய்க்கிழமை அம்மா பலாப்பழம் அரிந்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் ஒரு குரங்கு சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கத்தினால் போயிருக்கும், எனக்குக் கத்த வராது, அதனால் சத்தம் காட்டலாம் என்று கையில் கிடைத்ததை எடுத்துத் தரையில் தட்டினேன், தட்டிய இடத்தில் ஆட்டுக்கல் இருந்தது, கையில் கிடைத்தது உங்கள் பேட். டக்கென்று ஒரு சத்தம். குரங்கு என்னைப் பார்த்தது, பேட்டைப் பார்த்தது, பலாச்சுளையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியே போனது. பேட்டின் நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தார். திட்டவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். மைன்ஸில் நிலக்கரி ஏற்றிப் போகும் பெல்ட் அறுந்தால் ஜாயிண்ட் போடுவது அப்பாவின் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் சீட் கிழிந்தாலும் வாளி ஓட்டையானாலும் அவருக்கு அது பெல்ட்தான். மந்தாரக்குப்பம் பஞ்சர் கடையில் சொல்யூஷன் வாங்கி வந்து உட்கார்ந்தார். அதைத் தடவி ஒட்டுவார் என்று நினைத்தேன். ரம்பத்தை எடுத்தார்.

"எதுக்குப்பா ரம்பம்?"

"கெட்ட எடத்த உள்ள வெச்சிக்கினு ஜாயிண்டு போட்டா லோடு ஏறனதும் பிச்சிக்கும். வெட்டிக் கடாசிட்டு நல்லதையும் நல்லதையும் சேக்கணும்."

அம்மா ஓடி வந்து, "யோவ், பெல்ட்டு எம்மாம் நீளம், அதுல வெட்டுனா தெரியாது. இதுல தெரியுமேய்யா" என்றாள்.

"ஓட ஓட சரியாப் பூடும்" என்றார் அப்பா. பேட் எங்கே ஓடும் என்று கேட்க எனக்கும் அம்மாவுக்கும் தைரியமில்லை.

வெடிப்பு இருந்த பாகத்தை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்தார். வெட்டிய இரண்டு முனைகளையும் படிக்கட்டுபோல் செதுக்கினார். சொல்யூஷனைத் தடவி, புறங்கையால் தொட்டுப் பார்த்து, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுத்தியலால் தட்டினார். மேலே அரிசி மூட்டையை வைத்து, அது போதாதென்று அம்மாவையும் உட்காரச் சொன்னார். அம்மா அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். காலையில் பார்த்தால் ஜாயிண்ட் கல்லாகப் பிடித்திருந்தது. பேட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் சிறுத்தைக்கு வயிறு போய்விட்டது, கழுத்துக்கு அடுத்து வால். ஆனாலும் பேட் ஒன்றாகத்தான் இருந்தது மாமா. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

அப்பா வேலைக்குப் போனதும் அம்மா, "மரம் காஞ்சி கெடக்கு, பாவம், மாப்ள வந்து பாத்தா பளபளன்னு இருக்கணும்" என்று விளக்கெண்ணெயைக் காய்ச்சி, குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் தலை முதல் கால் வரை தேய்த்து வெயிலில் வைத்தாள். சாயங்காலம் நான் எடுத்தபோது பிடியோடு மேல்துண்டு மட்டும் என் கையில் வந்தது, மற்றது தரையிலேயே இருந்தது. எண்ணெய் பட்டால் சொல்யூஷன் விட்டுவிடும் என்று அப்பா அன்றைக்குத்தான் சொன்னார். எண்ணெய் ஊறிய இடம் ஒட்டாதாம். மறுபடி ரம்பம். மறுபடி வெங்காயம். இந்தத் தடவை ஜாயிண்ட் விடாமல் இருக்க, வாசலில் மிதியடியாகக் கிடந்த பழைய பெல்ட் துண்டை அறுத்து மேலே சுற்றிவிட்டார். பேட் இப்போது என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. தூக்கினால் அம்மிக்கல் மாதிரி இருக்கிறது. சிறுத்தைக்குக் கழுத்தும் இல்லை. "இனி இது ஆயுசுக்கும் வுடாது" என்று அப்பா சந்தோஷமாக இருக்கிறார்.

மாமா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த பேட்டைப் பார்த்ததும் அந்தக் கோபத்தில் அக்காவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்களோ என்று மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. "அவருக்கு பேட்டுன்னா உசுரு, அப்புறந்தான் நானு" என்று அக்கா போனில் சொன்னாள். இந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசுவது அக்காவிடம் மட்டும்தான். நான்கு மாதப் பேச்சு பாக்கி இருக்கிறது. உங்கள் கோபத்தை என்மேல் காட்டுங்கள், திட்டுங்கள், நான் பதில் பேசமாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். ஆடி மாதம் முழுக்க அக்கா மட்டும் இங்கே இருக்கட்டும்.

அப்பா அம்மாவின் ஆசீர்வாதங்கள். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், பேட்டைப் பற்றிச் சொல்லவேண்டாம்.

பயத்துடனும் பணிவுடனும்,
ரா. தமிழ்நிலா

பின்குறிப்பு: மாமாவின் சிநேகிதர் சேத்தியாத்தோப்பு கருணாகரன் அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இந்தக் கடிதம் இப்போது உங்களுக்கு வருகிறது. நான் கவரை ஒட்டுவதற்குள் மாமா அக்காவோடு இன்றைக்கே வந்து, கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டார். கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டு, "தப்பிச்சேன்" என்றார். பேட் உங்களுடையதாம். புவனகிரி மேட்சில் மாமா கையிலேயே வெடித்துவிட்டதாம். மெழுகு வைத்து அடைத்து, "மாமனார் வூட்ல ஒடஞ்சிதுன்னா கருணா ஒண்ணும் சொல்லமாட்டான்" என்று இங்கே கொண்டுவந்து வைத்தாராம். இதை உங்களுக்கு எழுதவேண்டாம் என்று மாமா இப்போதுதான் சொல்கிறார், நான் எழுதிவிட்டேன். மேலே உள்ள கடிதத்தைக் காட்டித்தான் "நீ எழுதுனது நல்லாத்தான் கீது, இதையே அனுப்பு" என்கிறார். ஆகவே மேலே மாமா என்று வரும் இடங்களில் உங்கள் பெயரைப் போட்டுப் படிக்கவும். அக்காவைப் பற்றிய பத்தி உங்களுக்கு இல்லை.

அக்கா இங்கேயே இருக்கிறாள். ஆனால் உங்கள் கோபம் தணியும்வரை மாமாவும் ஊருக்கு வரமாட்டாராம். புது மாப்பிள்ளை ஆடியில் மாமியார் வீட்டில் தங்கினால் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சிரிக்கும் என்று அம்மா அழுகிறாள். ஆடி பிறக்குமுன் கோபம் தீர்ந்துவிட்டது என்று மாமாவுக்கு ஒரு வரி எழுதவும். தீராவிட்டாலும் தீர்ந்தது என்றே எழுதச் சொல்லி அம்மா கேட்டுக்கொள்கிறாள்.