பட்டினிச் செடிகளுக்குப் பரிமாறிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் சுகம். சாப்பாட்டு மேஜை மேல் இருக்கும் நாற்றுகளும் பரம சுகம். அதுதான் வினையாகிவிட்டது.

உங்கள் மனைவி, அதாவது என் இளைய மகள், மாநாட்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடித் தட்டுகளில் முளைத்த ஆராய்ச்சிச் செடிகளை என்னிடம் ஒப்படைத்து, "அப்பா, இதெல்லாம் பட்டினி கிடக்கணும். இத வச்சுத்தான் என் டாக்டர் பட்டம். பாருங்க, தொடாதீங்க"ன்னு சொல்லிவிட்டுப் போனாள். சத்துக் குறைந்தால் ஆக்ஸின் என்றொரு ஹார்மோன் வேரில் சேர்ந்து, கீழே இறங்கியது போதும், பக்கவாட்டில் கிளைவிட்டுத் தேடு என்று சொல்லுமாம். அதை அளப்பதுதான் அவள் வேலை. நானும் பார்த்தேன் மாப்பிள்ளை. மதியம் மேஜையோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், நூலைவிட மெல்லிய வேர்கள், அவற்றில் பூனைமுடி மாதிரி இன்னும் மெல்லியவை, ஒன்றுமே இல்லாத இடத்தில் எதையோ துழாவித் துழாவி... கண் சொக்கிவிடும். தூக்கத்தில் நான் பழைய விடுதிச் சமையலறையில் கரண்டியோடு நிற்கிறேன், கதவிடுக்கு வழியாக வெள்ளை வெள்ளையாக வேர்கள் வரிசையில் வந்து நிற்கின்றன, சத்தமே இல்லை. ஆயுள் முழுக்க விடுதிப் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கை சும்மா இருக்குமா? எழுந்துபோய் அவள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருந்த செடிச் சத்துக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக எல்லாவற்றுக்கும் விட்டேன். கேட்காமலே மறுபடியும் விட்டேன்.

இப்போ இலையெல்லாம் தளதளன்னு இருக்கு, வேர் தேடுறதையே விட்டுடுச்சு. வயிறு நிறைஞ்சா எவன் தேடுவான்? என் பெண்ணின் பட்டத்தை நானே கெடுத்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. மாநாடு முடிந்து நேரே உங்களிடம்தானே வருகிறாள், முதலில் நன்றாகச் சாப்பிட வைத்து, பேச்சோடு பேச்சாக நீங்களே சொல்லிவிடுங்கள். நான் பெரியவள் வீட்டுக்குப் போய்விடுகிறேன். இவள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் இருவரும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கை அடங்காத மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது அவளே போன் பண்ணினாள். என் குரலைக் கேட்டதுமே, "ஊட்டிட்டீங்களா?" என்று சிரிக்கிறாள். அளக்க வேண்டிய செடிகள் ஆய்வுக்கூடத்தில் பத்திரமாகப் பூட்டியிருக்கின்றனவாம்! "அப்புறம் இது எதுக்குடி?" என்றேன். "நான் இல்லாம யாருக்குச் சோறு போடுவீங்க? உங்களுக்கு மட்டும்னா அடுப்பையே பத்த வைக்க மாட்டீங்களேப்பா" என்றாள். என்னை நம்பவில்லையே என்று வந்தது பாருங்கள் கோபம்! போனை வைத்துவிட்டு அழுதேன். பெரியவள் வீட்டுக்குப் போகவில்லை, செடிகளை யார் பார்ப்பது? நேற்றிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.