தரையிலிருந்து பதினாறு அங்குலம்

மரியாதைக்குரிய பூபாலன் மாமாவுக்கு,

ஆவடியிலிருந்து மைத்துனன் ராஜசேகரன் வணங்கி எழுதிக்கொள்வது. அனைவரும் நலம் என்று எழுதினால்தான் கடிதம் நகரும் என்பதால் எழுதிவிட்டேன். அக்காவின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும். போனில் பேசலாமே என்பீர்கள். போனில் நான் திட்ட ஆரம்பித்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ரிட்டையரானவன் வீட்டில் உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடுவான் என்று சொல்லி, நசரத்பேட்டைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த தாளாளரின் பள்ளியில் என்னை ஒழுங்கு மேற்பார்வையாளராகச் சேர்த்துவிட்டீர்களே, அதற்கான நன்றியைத்தான் இப்போது செலுத்தப் போகிறேன். தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் இரும்புப் பாகங்களை அளந்து, சரியானது இந்தப் பக்கம், ரிஜெக்ட் அந்தப் பக்கம் என்று தள்ளியவன் நான், எனக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும்? முதல் நாளே தாளாளர் கூப்பிட்டு, "பத்தாங்கிளாஸ் பொண்ணுங்க டாப்ஸ் வரவர குட்டையாகிட்டே போகுது சார். அடக்கம்னா என்னன்னு நீங்கதான் சொல்லித்தரணும்" என்றார். எனக்கு அடக்கத்தைப் பற்றித் தெரியாது, அளவைப் பற்றித் தெரியும். ஒரு மரச்சட்டத்தை அறுத்து, தரையிலிருந்து பதினாறு அங்குலத்தில் சிவப்புக் கோடு போட்டு, பள்ளி வாசலில் நிறுத்தினேன். டாப்ஸின் விளிம்பு கோடு வரைக்கும் இறங்கினால் உள்ளே, இறங்காவிட்டால் வெளியே. யாரையும் தொட வேண்டாம், திட்ட வேண்டாம். ஒரு டீச்சர் பக்கத்தில் நின்று பெயரை மட்டும் குறித்துக்கொள்வார். தாளாளர் கைதட்டினார். மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். குள்ளமான பெண்கள் எல்லோரும் அடக்கமானவர்களாகவும், உயரமான பெண்கள் எல்லோரும் அடங்காதவர்களாகவும் இருந்தார்கள். கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை. கைதட்டல் காதிலேயே இருந்தது.

பத்தாம் வகுப்பில் வர்ஷா என்று ஒரு பெண். காலைப் பிரார்த்தனையில் நான் அடக்கத்தைப் பற்றி இருபது நிமிஷம் முழங்கிவிட்டு வாசலுக்கு வந்தால், அவள் டாப்ஸ் கோட்டுக்கு மூன்று அங்குலம் மேலே நிற்கிறது. ஏன் என்று கேட்டேன். "ஜூன்ல தெச்சது சார். நான் வளந்துட்டேன். இன்னா சார் பண்றது?" என்றாள். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு அவள்தான் சிரித்த மாதிரி இருந்தது. சரியான சீருடையில் வந்தால்தான் உள்ளே என்று திருப்பி அனுப்பினேன். சீருடைத் துணி வருஷத்துக்கு ஒரு முறை, ஜூன் மாதத்தில்தான் பள்ளியில் கிடைக்கும். அப்போது ஜனவரி. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. இருபது நாள் அவள் வரவில்லை. செய்முறைத் தேர்வு நெருங்கியபோது, "நூத்துக்கு நூறு எடுக்கிற பொண்ணு சார், இந்த வருஷமே போயிடும்போல" என்று கணக்கு டீச்சர் வந்து அழாத குறையாகச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பஸ் பிடித்துத் திருமழிசைக்குப் போனேன். வர்ஷாவின் அம்மா அஞ்சலை அங்கே அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு வெட்டும் கம்பெனியில் வேலை செய்கிறார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸும் கையுமாக கேட்டுக்கு வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், புள்ள வளந்தா துணி சின்னதாவும். இது கூட தெரியாம நீ இன்னாத்த ஆபீசர் வேல பாத்த? சோறு போட்டு வளத்தது என் தப்பா? பள்ளிக்கூடமும் வாணாம், ஒண்ணியும் வாணாம். எங்க சூப்ரவைசரு புள்ளைய வேலைக்கு சேத்துக்கறேன்னு சொல்லிக்கினு கீறாரு" என்றார். மாமா, நான் அளந்த இரும்பு முப்பத்தைந்து வருஷத்தில் ஒன்றுகூட வளர்ந்ததில்லை. அந்த கேட்டு வாசலில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் டிபன் பாக்ஸை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "செரி, திங்கக்கெழம அனுப்பறேன். ஆனா அந்தக் கட்டைய இனிமே நான் கண்ணால பாக்கக் கூடாது" என்றார்.

அன்று சாயங்காலமே தாளாளர் அறையில் போய் நின்றேன். பிள்ளை வளர்ந்த கதை, அம்மா அக்ரிலிக் கம்பெனியில் படும் பாடு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி, சட்டத்தை அவர் மேஜைமேல் வைத்தே இரண்டாக உடைத்தேன். ராஜினாமாவையும் நீட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. டைரியில் ஏதோ குறித்துக்கொண்டு, "பொண்ணு வரட்டும் சார்" என்றார். ரிஜெக்ட் என்று தள்ளிய ஒன்றைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. ஆகவே எனக்கு இனிமேல் எங்கேயும் வேலை தேட வேண்டாம். துருப்பிடித்தே கிடக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் பேத்தி நிவேதிதாவுக்கு என் மனமார்ந்த ஆசி. அவள் எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும்.

பணிவுடன்,
ராஜசேகரன்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. தாளாளர் ராஜினாமாவை ஏற்கவில்லை. அன்று டைரியில் அவர் குறித்துக்கொண்டது அந்தக் கம்பெனியின் பெயரை மட்டும்தானாம். மரம் என்றால் உடைந்துவிடுகிறது என்று, வகுப்புக்கு ஒன்றாக முப்பது சட்டங்கள், அக்ரிலிக்கில், சிவப்புக் கோட்டோடு, சனிக்கிழமையே ஆர்டர் கொடுத்திருக்கிறார். கண்ணால் பார்க்கக் கூடாது என்ற அஞ்சலைதான் முப்பதையும் வெட்டியிருக்கிறார். வர்ஷாவும் வந்தாள், பத்தரை மணிக்கு, கம்பெனியின் சரக்கு டெம்போவில். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டாள். போட்டேன். கம்பெனி கொடுத்த நீல ஓவர்கோட் போட்டிருந்தாள். பெரியவர்கள் அளவு, கணுக்கால் பக்கம் தொங்கியது. வாசலில் அவளை யாரும் நிறுத்தவில்லை.