எமன் மாமா தட்டிய கதவுகள்

லண்டனில் எமனுக்கு ஒரு கிளை இருந்ததென்றால் அது பார்க்கிங் என்கிற புறநகரில், என் அம்மா படுத்திருந்த பராமரிப்பு இல்லத்தில்தான். கிளை முகாமையாளர் எதிர் அறைக்காரர். சொந்தப் பெயர் என்னவோ, எல்லோருக்கும் அவர் எமன் மாமா. கறுத்த ஓவர்கோட்டை ஆடி வெயிலிலும் கழற்றமாட்டார். கைத்தடியால் ஒரு கதவைத் தட்டினாரென்றால் அந்த அறைக்காரருக்கு அரசாங்கம் கட்டுகிற பராமரிப்புக் காசு நிற்கப்போகிறது என்று அர்த்தம். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இல்லத்து அலுவலகமும் அறிவித்தல் தரும்தான், காசு நின்ற பிறகு. அப்பீல் செய்ய ஓடினால் காலம் கடந்துவிட்டது என்பார்கள். நல்ல நியாயம். மாமா மட்டும்தான் முன்கூட்டியே சொல்லுகிறவர். ஆனால் அந்தத் தட்டுச் சத்தம் கேட்டாலே சனம் போர்வைக்குள் புகுந்து தேவாரம் பாடும். மன்னார் அன்ரி ஒருவர் செபமாலையைத் தூக்கி அவர்மேல் எறிந்தே விட்டார்.

ஒருநாள் அம்மாவின் கதவைத் தட்டினார். அம்மாவால் எழும்பவே முடியாது. காசு நின்றால் இல்லத்தை விட்டு என்னிடம்தான் வரவேண்டும். என் வீடோ பிளேஸ்டோவில் மூன்றாம் மாடி, லிஃப்டும் இல்லை.

"மாமா, வாயைக் கழுவுங்கோ. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"காலமை, காசு தொடரவேணுமோ எண்டு பாக்கிற ரிவியூக்காரப் பிள்ளை வந்து சுகம் கேட்டது. கொம்மா படுத்த படுக்கையிலை கிடந்துகொண்டு சிரிச்சுச் சிரிச்சு 'ஃபைன், ஃபைன்' எண்டவ. அது அப்பிடியே எழுதிக்கொண்டு போட்டுது."

எங்கள் சனம் அப்படித்தான். உயிர் போகிற நேரத்திலும் சுகம் கேட்டால் சுகம் என்றுதான் சொல்லும். உடம்பு தேறியதாக எழுதினால் காசை நிறுத்துவார்கள். அன்றைக்கே அப்பீல் போட்டேன், அம்மா தப்பினார்.

மாசியில் மாமா செத்துப்போனார். பங்குனியில் அடுத்த ரிவியூ. அதே ரிவியூக்காரப் பெண் வந்து சுகம் கேட்டதும் அம்மாவின் முகத்தில் அதே சிரிப்பு. வாய் திறந்தது.

கதவில் தட்டுச் சத்தம்.

திறந்து பார்த்தேன். வெளியே ஒரு குருவிகூட இல்லை. எதிர் அறை பூட்டிக் கிடந்தது. காற்றாக இருக்கும் என்றாள் அந்தப் பெண். ஜன்னல் திறக்கவே முடியாத கட்டடம் அது.

அம்மாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "சொல்லு பிள்ளை," என்றார் என்னிடம். "எனக்கு எழும்ப ஏலாது. கரண்டி பிடிக்கவும் ஏலாது. எல்லாம் சொல்லு."

சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். காசு நிற்காது என்று சொல்லிவிட்டே போனாள்.

கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதை," என்றார் அம்மா. "பாவம் அந்த மனிசன், எத்தினை நாளைக்கு வெளியிலையே நிக்கிறது. உள்ளுக்கு வந்து இருக்கட்டும்."